எண்ணும் அதன் ஆடையும்

எண்களைக் கண்டு மகிழ்வோர் உண்டு; எண்களைக் கண்டு அஞ்சுவோரும் உண்டு. கணக்குப் பாடம் கடினமானது என்று அஞ்சும் மாணவரை நான் ஈண்டுக் குறிப்பிடவில்லை. அவ்வச்சம் பயிற்சியால் நீங்கிவிடும். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து, வரும் தொகை எட்டு என்றால் முகம் வாடிப் போகின்ற பெரியவர்களையே குறிப்பிடுகின்றேன். கற்றவர்களும் இவர்களுள் இருக்கின்றார்கள். வண்டிக்கு எண் பெறும்போதும், புதுமனை புகும் நாளைக் குறிக்கும்போதும், மணநாளை உறுதி செய்யும்போதும் இவர்கள் இலக்கங்களைக் கூட்டுகின்றார்கள். கூட்டி வந்ததை மீண்டும் கூட்டுகின்றார்கள். ஓரிலக்கம் எஞ்சும்வரை விடுவதில்லை. பெற்றோர் அன்புடன் இட்ட பெயரில் ஓர் எழுத்தைச் சேர்த்தும் நீக்கியும் எழுதிக்கொள்வோரும் உளர். இவர்களுடைய நம்பிக்கை பிழையானது என்பது என் கருத்து. ஆயினும், அதனை வெறும் ஏளனத்தால் மறுத்தல் முறையன்று. கணக்கை நம்பி வந்தவர்களுக்குக் கணக்கினாலேயே விடை கூறுதல் வேண்டும். அவ்வாறு விடை கூறப் புகும்போது, எண்களைப் பற்றிய அழகிய உண்மைகள் சில நமக்குக் கிடைக்கின்றன.

பல ஆண்டுகளுக்கு முன் நான் கணக்காசிரியனாக இருந்த பள்ளியில், பொதுத் தேர்வுக்குரிய எண்கள் ஒருநாள் வந்து சேர்ந்தன. மாணவர் அனைவரும் தத்தம் எண்ணைக் குறித்துக்கொண்டு சென்றனர். ஒருவன் மட்டும் வீட்டிற்குச் செல்லாமல் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தான். நன்றாகப் படிக்கும் பையன். "என்ன தம்பி, ஏன் நிற்கிறாய்?" என்று கேட்டேன். "ஐயா, எனக்கு 1727 வந்திருக்கிறது. கூட்டினால் 17, அதைக் கூட்டினால் 8. எட்டு சனிக்குரிய எண்ணாம். எண் பார்ப்பவர் ஒருவரிடம் அப்பா முன்பே கேட்டிருக்கிறார். எட்டு வந்தால் இந்த ஆண்டு எழுதவேண்டா, அடுத்த ஆண்டு எழுதலாம் என்று அவர் சொல்லிவிட்டாராம்" என்றான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. அவனுக்கு இரண்டு இருக்கை தள்ளி அமர வேண்டிய நண்பனுக்கு 1729 என்னும் எண் கிடைத்திருந்தது. அதைக் கூட்டினால் 19, பின்பு 10, பின்பு 1. ஒன்று ஞாயிற்றுக்குரிய எண் என்று கூறுவார்கள். ஆதலின் அந்த நண்பன் துள்ளிக் குதித்து ஓடிவிட்டான். அவன் கணக்கில் பெரும்பாலும் தோல்வியே அடைபவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓர் இளைஞனின் ஓராண்டு வாழ்வு ஒரு கூட்டல் கணக்கைப் பொறுத்து நின்றது. நான் அவனை வகுப்பறைக்குள் அழைத்துச் சென்று, கரும்பலகையில் அவன் எண்ணை எழுதாமல், அவன் நண்பனின் எண்ணை எழுதினேன். காரணம் உண்டு. 1729 என்பது கணக்கு உலகில் புகழ் பெற்ற எண்.

ஈரோட்டில் 1887-ஆம் ஆண்டு பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுசன், 1914 முதல் 1919 வரை இங்கிலாந்தில் வாழ்ந்தார். அங்கே அவர் நோயுற்றுப் பட்னி என்னும் இடத்தில் படுத்திருந்தபோது, பேராசிரியர் ஹார்டி அவரைக் காணச் சென்றார். சென்ற வாடகை வண்டியின் எண் 1729. அந்த எண் சிறப்பேதும் அற்றதாகத் தோன்றுகிறது என்றும், அது தீய குறியாக இராது என்று நம்புவதாகவும் ஹார்டி கூறினார். இராமானுசன் உடனே மறுத்தார். அது மிகவும் சுவையான எண் என்றும், இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு வேறு வகைகளில் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது என்றும் கூறினார். பிரான்சு நாட்டுக் கணிதர் ஒருவர் இதனை 1657-ஆம் ஆண்டிலேயே குறித்திருந்தார் எனினும், நோய்ப் படுக்கையில் கிடந்தவர் நொடிப்பொழுதில் கூறியதனால் அன்றோ இவ்வெண் உலகெங்கும் பரவியது! நற்குறி, தீக்குறி என்ற பேச்சை அவர் பொருட்படுத்தாமல், எண்ணையே நோக்கினார் என்பதைக் கவனித்தல் வேண்டும்.

இராமானுசன் கூறியதை நீங்களே சரிபார்க்கலாம். ஒன்று முதல் பன்னிரண்டு வரை உள்ள எண்களின் கனங்கள் 1, 8, 27, 64, 125, 216, 343, 512, 729, 1000, 1331, 1728 ஆகியவை. இவற்றுள் 1728-ஐயும் 1-ஐயும் கூட்டினால் 1729. 1000-ஐயும் 729-ஐயும் கூட்டினாலும் 1729. இதனினும் சிறிய தொகை எதுவும் இரு வகையில் வாராது என்பதை, இரண்டிரண்டாகக் கூட்டிப் பார்த்து ஒரு மாலைப்பொழுதில் உறுதி செய்துகொள்ளலாம். கனம் என்றால் என்ன என்று தெளியாதவர்கள், ஒரே அளவான சிறு மரக்கட்டைகளை மனத்தில் எண்ணிப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு கட்டைகள் அமையுமாறு ஒரு பெரும் பெட்டி அடுக்குகின்றோம். ஒரு கட்டை தனியே மிஞ்சுகின்றது. அந்தப் பெட்டியைக் கலைத்து, மிஞ்சிய கட்டையையும் சேர்த்து அடுக்கினால், பக்கத்திற்குப் பத்துக் கட்டை கொண்ட ஒரு பெட்டியும், பக்கத்திற்கு ஒன்பது கட்டை கொண்ட மற்றொரு பெட்டியும் ஒரு கட்டைகூட மிகாமல் குறையாமல் அமைந்துவிடும்.

இங்கே ஒரு கேள்வி. இந்தப் பண்பைக் கூறுவதற்கு 1, 7, 2, 9 என்னும் இலக்கங்களை நாம் பயன்படுத்தினோமா? இல்லை. மரக்கட்டைகளுக்கு இலக்கம் தெரியாது. எழுதவே அறியாத ஒருவன் அடுக்கினாலும் பெட்டிகள் அமையும். நம் முன்னோர் இவ்வெண்ணை ௲௭௱௨௰௯ என்று, ஆயிரத்துக்கும் நூற்றுக்கும் பத்துக்கும் தனிக் குறிகள் இட்டு எழுதினர். அவ்வாறு எழுதினாலும் பெட்டிகள் அமையும். ஆகவே இது எண்ணின் பண்பு. இலக்கங்களைக் கூட்டினால் 19 வருகிறது என்பதோ எண்ணின் பண்பன்று; நாம் அந்த எண்ணுக்கு உடுத்திய ஆடையின் பண்பு. ஆடையை மாற்றினால் அது மாறிவிடும்.

ஆடையை எவ்வாறு மாற்றுவது? 1729 என்று எழுதும்போது, ஓர் ஆயிரம், ஏழு நூறு, இரண்டு பத்து, ஒன்பது ஒன்று என்று கொள்கின்றோம். வலப்புறத்திலிருந்து ஒவ்வோர் இடமும் முன்னதைப் போல் பத்து மடங்கு. இங்கே பத்து என்பது அடிமானம். அடிமானம் பத்தாக ஏன் இருத்தல் வேண்டும்? நம் கைகளில் பத்து விரல்கள் இருப்பதனால்தான். விரல்களை விட்டு, ஒரு கையின் நான்கு விரல்களில் உள்ள கணுக்களைக் கட்டைவிரலால் தொட்டு எண்ணினால் பன்னிரண்டு வரும். அவ்வாறு எண்ணும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. நடு அமெரிக்காவில் வாழ்ந்த மாயர்கள் இருபதை அடிமானமாகக் கொண்டனர். பாபிலோனியர் அறுபதைக் கொண்டனர். அவர்களுடைய அறுபது இன்றும் நம் கடிகாரத்தில் உயிர் வாழ்கின்றது. அறுபது நொடி ஒரு நிமிடம், அறுபது நிமிடம் ஒரு மணி. நாள் ஒன்றை அறுபது நாழிகையாகவும், நாழிகையை அறுபது விநாழிகையாகவும் பகுத்த நம் பழைய முறையும் அத்தகையதே. 1729 நொடி என்பதை 28 நிமிடம் 49 நொடி என்று கூறும்போது, நாம் அறியாமலே அறுபதின் அடிமானத்தில் எழுதிவிடுகின்றோம். கணிப்பொறியின் உள்ளே இரண்டே இலக்கங்கள். அங்கே 1729 என்பது 11011000001 என்று நிற்கும்.

இப்பொழுது பன்னிரண்டின் ஆடையை உடுத்திப் பார்ப்போம். இதில் முதலிடம் ஒன்று; அடுத்தது பன்னிரண்டு; அதற்கடுத்தது பன்னிருபன்னிரண்டு, அதாவது 144; அதற்கும் அடுத்தது 1728. கடைக்காரர்கள் இம்முறையை அறிவார்கள். பன்னிரண்டு பொருள் ஒரு டஜன். பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ். பன்னிரண்டு குரோஸ் 1728 பொருள். இம்முறையில் பத்துக்கும் பதினொன்றுக்கும் ஒற்றை இலக்கங்கள் தேவை. ஆதலின் பத்துக்கு 'ப' என்றும், பதினொன்றுக்கு 'ம' என்றும் குறி வைத்துக்கொள்வோம். 1729-ல் ஒரு 1728 அடங்கும்; எஞ்சுவது ஒன்று. 144 இல்லை, பன்னிரண்டும் இல்லை. எனவே பன்னிரண்டின் அடிமானத்தில் இவ்வெண் 1001 என்று எழுதப்படும்.

எவ்வளவு எளிய வடிவம்! பத்தின் ஆடையில் மறைந்திருந்த உண்மை, பன்னிரண்டின் ஆடையில் நெற்றியிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. பன்னிரண்டின் கனத்தோடு ஒன்று என்பதையே 1001 என்னும் இலக்கங்கள் கூறுகின்றன. மனிதர் கையில் பன்னிரண்டு விரல் இருந்திருப்பின், ஹார்டி அந்த வண்டியின் எண்ணைச் சிறப்பற்றது என்று கூறியிருப்பாரோ என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. நம் நாட்டிலும் 1957 ஏப்ரல் முதல் நாளில் புதிய நாணய முறை வருமுன், பதினாறு அணா ஒரு ரூபாயாகவும் பன்னிரண்டு பை ஓர் அணாவாகவும் இருந்தன. ரூபாய்க்கு 192 பை. அக்காலத்து மாணவன் 1729 பையை ரூபாயாக மாற்றினால், ஒன்பது ரூபாயும் ஒரு பையும் என்று விடை எழுதியிருப்பான். அந்த ஒற்றைப் பை மிஞ்சுவதைப் பார்த்தவர்கள், இவ்வெண் ஒரு நிறைவான அளவுக்கு அடுத்த எண் என்பதை அப்போதே உணர்ந்திருப்பார்கள்.

இனி, இலக்கங்களைக் கூட்டுவதன் பொருளைக் காண்போம். பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று. நூற்றை வகுத்தாலும் ஒன்று. ஆயிரத்தை வகுத்தாலும் ஒன்றே. ஆகவே ஏழு நூறுகளை ஒன்பதால் வகுக்கும்போது, நூற்றுக்கு ஒன்றாக ஏழு மிஞ்சும். இரண்டு பத்துகளில் இரண்டு மிஞ்சும். இலக்கங்களைக் கூட்டுதல் என்பது இந்த மிச்சங்களைத் திரட்டுதலே அன்றி வேறில்லை. மீண்டும் மீண்டும் கூட்டி ஓரிலக்கத்தை அடைந்தால், அதுவே அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதி. மீதி ஏதும் இல்லையாயின் ஒன்பது வரும். எண் பார்ப்பவர் கண்ணை மூடிக்கொண்டு கூறும் மறைபொருள் இவ்வளவுதான். எட்டாம் நாளும், பதினேழாம் நாளும், இருபத்தாறாம் நாளும் தீயவை என்கிறார்களே, அம்மூன்றுக்கும் உள்ள உறவு ஒன்பதால் வகுத்தால் எட்டு மிஞ்சும் என்பது மட்டுமே.

ஒன்பது எங்கிருந்து வந்தது? பத்தில் ஒன்று குறைந்தது ஒன்பது. அடிமானம் பன்னிரண்டாயின் அவ்விடத்தில் பதினொன்று வந்து அமரும். எட்டாயின் ஏழு வந்து அமரும். இதனைத்தான் அன்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். புகழ் பெற்ற 1729, பத்தின் அடிமானத்தில் கூட்டினால் 1 தருகின்றது, ஞாயிறு. பன்னிரண்டின் அடிமானத்தில் 1001, கூட்டினால் 2, திங்கள். எட்டின் அடிமானத்தில் 3301, கூட்டினால் 7, அதனைக் கேதுவுக்கு உரியது என்பார்கள். கணிப்பொறியாளர் பயன்படுத்தும் பதினாறின் அடிமானத்தில் 6, 12, 1 என்னும் மூன்று இலக்கங்கள் வரும். அவற்றைக் கூட்டினால் பத்தொன்பது; அது அம்முறையில் 13 என்று எழுதப்படும்; அதனை மேலும் கூட்டினால் 4; இராகு. எண் ஒன்று, கோள்கள் நான்கு. எண் ஓர் இம்மியும் மாறவில்லை. மாறியது எழுதும் முறையே.

பிறகு அவனுடைய 1727-ஐ எடுத்துக்கொண்டோம். அது 1728-க்கு ஒன்று குறைவு. ஆகவே பன்னிரண்டின் அடிமானத்தில் அது 'மமம' என்று நிற்கும். நம் 999 போல, மூன்றிலக்க எண்களுள் மிகப் பெரியது. அதனைக் கூட்டினால் முப்பத்து மூன்று, அம்முறையில் 29, மேலும் கூட்டினால் பதினொன்று, அதாவது 'ம'. கோள்கள் ஒன்பது என்பார்கள். பதினொன்றாவது எண்ணுக்குரிய கோள் எது என்று நான் கேட்டேன். பையன் முதன்முறையாகச் சிரித்தான்.

எண் பார்ப்பவர் இதற்கும் ஒரு மறுமொழி கூறலாம். பத்து விரல் இயற்கை தந்தது. ஆகவே பத்தின் அடிமானமே இயற்கையானது. பிற அடிமானங்கள் மனிதன் விளையாட்டுக்கு அமைத்தவை என்று அவர் கூறலாம். நான் இதனை ஒப்புக்கொள்வதற்கில்லை. விரல்கள் இயற்கை தந்தவையே. ஆனால் ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு மதிப்புத் தந்து, சுழியம் இட்டு எழுதும் முறை மக்கள் பல நூற்றாண்டுகள் முயன்று அமைத்தது. மேலும், கோள்கள் மனிதனின் விரல்களை எண்ணிப் பார்த்துத் தம் பயனைத் தருகின்றன என்று கொள்வது, கோள்களுக்கே ஏற்புடையதன்று.

இவ்வாறு கூறுவதனால், இலக்கங்களைப் பற்றிய ஆராய்ச்சி அனைத்தும் வீண் என்று நான் கருதுவதாக எண்ணிவிட வேண்டா. நாசிக்கை அடுத்த தேவளாலி என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் கப்ரேக்கர். 1905-இல் பிறந்து 1986-இல் மறைந்தவர். வாழ்நாள் முழுவதும் இலக்கங்களோடு உறவாடியவர். தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு அவர் 'ஹர்ஷத்' என்று பெயரிட்டார். மகிழ்ச்சி தருவது என்பது பொருள். 1729 அத்தகையது, அதன் கூட்டுத்தொகை 19, பத்தொன்பதைத் தொண்ணூற்றொன்றால் பெருக்கினால் 1729 வருகிறது. 19-ஐத் திருப்பி எழுதினால் 91 என்பதையும் பாருங்கள். கண்ணுக்கு இனிய காட்சிதான்! ஆயினும் பன்னிரண்டின் அடிமானத்தில் கூட்டுத்தொகை இரண்டு, 1729 ஒற்றைப்படை எண், இரண்டால் வகுபடாது. மகிழ்ச்சி தரும் தன்மை அங்கே மறைந்துபோகின்றது. எட்டின் அடிமானத்தில் கூட்டுத்தொகை ஏழு. 1729 ஏழால் வகுபடும். மகிழ்ச்சி மீண்டும் வந்துவிடுகின்றது.

கப்ரேக்கர் கண்ட மற்றொரு புதுமை 6174 என்னும் எண். நான்கு இலக்கங்களும் ஒன்றாக இல்லாத நான்கிலக்க எண் ஒன்றை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையில் ஒருமுறையும் ஏறுவரிசையில் ஒருமுறையும் எழுதிக் கழித்தல் வேண்டும். வந்த விடையை மீண்டும் அவ்வாறே செய்தல் வேண்டும். ஏழு முறைக்குள் 6174-ஐ அடைந்துவிடுவோம். அதன் பின் அதுவே திரும்பத் திரும்ப வரும். 1729-ஐ எடுத்தால் 9721-லிருந்து 1279 போக 8442. பின்பு 5994, 5355, 1998, 8082, 8532. ஏழாம் முறை 6174. அதே எண்ணைப் பன்னிரண்டின் ஆடையில், 1001 என்று எடுத்துச் செய்து பார்த்தேன். அது ஓரிடத்தில் நிலைக்கவில்லை. 7மம4, 7375, 4198, 8374, 5287, 6196 என்னும் ஆறு எண்களைச் செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி வருகின்றது. 6174-இன் ஆற்றல் பத்தின் அடிமானத்தோடு கட்டுண்டது என்பது இதனால் விளங்கும். கப்ரேக்கர் தம் எண்களைக் கண்டு மகிழ்ந்தார், பிறரையும் மகிழ்வித்தார். எண்ணைக் காட்டி எவரையும் அச்சுறுத்தவில்லை.

ஆடை எதுவாயினும் மாறாத உண்மை ஒன்று, இலக்கங்களின் அமைப்பிலேயே இருப்பதும் உண்டு. 1001 என்னும் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வழக்கமான முறையில் அஃது ஆயிரத்தொன்று. 11 × 91. எட்டின் அடிமானத்தில் அதே வடிவம் ஐந்நூற்றுப் பதின்மூன்றைக் குறிக்கும். அம்முறையில் 11 × 71 என்று எழுதப்படும். அங்கே 11 என்பது ஒன்பதையும், 71 என்பது ஐம்பத்தேழையும் குறிக்கும். இரண்டின் அடிமானத்தில் அதே வடிவம் ஒன்பதைக் குறிக்கும். அது 11 × 11, அதாவது மும்மூன்று. பன்னிரண்டின் அடிமானத்தில் 11 × ம1, அதாவது பதின்மூன்றும் நூற்று முப்பத்து மூன்றும், பெருக்கினால் 1729. எந்த அடிமானத்தை எடுத்தாலும், 11-ஐயும், அம்முறையின் மிகப் பெரிய இலக்கத்தோடு ஒன்றை அடுத்து எழுதிய எண்ணையும் பெருக்கினால் 1001 வரும். இயற்கணிதம் கற்றவர்கள் இதன் காரணத்தை ஒரு வரியில் எழுதிவிடலாம். கன எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் வரும் கோவையைக் காரணிப்படுத்தினால் போதும். 7, 13, 19 என்னும் பகா எண்கள் மூன்றின் பெருக்கமே 1729 என்பதை, 13 × 133 என்னும் இப்பகுப்பிலிருந்து எளிதில் அடையலாம்.

அமெரிக்காவில் 1944-ஆம் ஆண்டு ஒரு கழகம் தோன்றியது. பத்தை விட்டுப் பன்னிரண்டை அடிமானமாகக் கொள்ளுதல் நலம் என்பது அவர்கள் கருத்து. பன்னிரண்டை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு ஆகியவற்றால் மீதியின்றி வகுக்கலாம். பத்தையோ இரண்டாலும் ஐந்தாலும் மட்டுமே வகுக்கலாம். ஒரு பொருளை மூவர் பகிர்ந்துகொள்ளும்போது பத்து நமக்குத் தொல்லை தருவது உண்மையே. எனினும் உலகனைத்தும் பழகிவிட்ட ஒன்றை மாற்ற வேண்டும் என்று நான் கூறவரவில்லை. பத்தைக் கொண்டே விற்போம், வாங்குவோம். ஆனால் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் வேறோர் அடிமானத்தில் கூட்டியும் பெருக்கியும் பார்த்தல் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வீண் வேலை என்று சில ஆசிரியர்களே கூறக் கேட்டிருக்கின்றேன். வேறு மொழி ஒன்றைக் கற்றவனுக்கே, பொருள் வேறு, சொல் வேறு என்பது நன்கு விளங்கும். வேறோர் அடிமானத்தில் எழுதிப் பழகியவனுக்கே எண் வேறு, இலக்கம் வேறு என்பது விளங்கும். அது விளங்கியவனை ஒரு கூட்டல் கணக்கால் அச்சுறுத்த இயலாது.

அன்று இரவு அந்தப் பையனின் தந்தையையும் சென்று கண்டேன். அவர் நல்லவர், மகன்மேல் உள்ள அன்பினாலேயே எண் பார்ப்பவரிடம் சென்றிருந்தார். அவரிடம் அடிமானங்களைப் பற்றி நான் பேசவில்லை. பையனே பேசிக்கொள்வான் என்று விட்டுவிட்டேன். அவன் என்ன பேசினானோ, தேர்வு நாளன்று 1727 என்று எழுதிய இருக்கையில் வந்து அமர்ந்தான்.

இடைவேளையில் என்னிடம் ஒரு தாளை நீட்டினான். தன் எண்ணையும் தன் நண்பனின் எண்ணையும் இரண்டின் அடிமானத்தில் எழுதியிருந்தான். 1727 என்பது 11010111111. அதில் ஒன்பது ஒன்றுகள் உள்ளன. ஒன்பதை அம்முறையில் எழுதினால் 1001, கூட்டினால் இரண்டு. இரண்டை எழுதினால் 10, கூட்டினால் ஒன்று. நண்பனின் 1729-ல் ஐந்து ஒன்றுகள், ஐந்து என்பது 101, கூட்டினால் இரண்டு, பின்பு 10, பின்பு ஒன்று. கீழே தன் தந்தையின் பிறந்த நாள், வீட்டுக் கதவெண், பள்ளியின் மாணவர் தொகை ஆகியவற்றையும் இவ்வாறே எழுதிக் கூட்டியிருந்தான். ஒவ்வொரு வரியின் முடிவிலும் 1 என்றே இருந்தது. "இந்த முறையில் எல்லோருக்கும் ஒன்றுதான் வருகிறது, ஐயா. எந்த எண்ணை எடுத்தாலும் வேறு எதுவும் வரமாட்டேன் என்கிறது" என்றான். அதற்குள் தேர்வு மணி அடித்துவிட்டது.